ஆறாவது குழி

சக்கரவர்த்தி என்று அவனுக்குப் பேர் வைத்தவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். ஆண்டதெல்லாம் ஒரு பலகைப் பெட்டி. அதற்குள் ஆறு பேட்டரிக் கட்டைகள், மேலே ஒரு கறுப்பு சுவிட்சு, பக்கத்தில் சுருட்டி வைத்த நீள ஒயர். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பாறையை உடைத்து ரோடு போட்டுக்கொண்டிருந்த அறுபதுகளில் அவன்தான் அங்கே வெடிக்காரன்.

பெட்டி வருவதற்கு முன்பு திரிதான். பாறையில் குழி போட்டு மருந்தை அடைத்து, திரியில் பீடி நெருப்பை வைத்துவிட்டு ஓட வேண்டும். சக்கரவர்த்தி ஓட்டத்தில் கெட்டிக்காரன். ஆனாலும் ஒரு நாள் பறந்து வந்த கல் அவன் குதிகாலை நசுக்கிவிட்டது. செங்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியவன் நடந்தான், ஓடவில்லை. ஓடாதவனுக்குத் திரி வேலை கிடையாது. வீட்டில் பெண்டாட்டி செந்தாமரையும் இரண்டு பெண் குழந்தைகளும். அவன் திண்டாடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் காண்ட்ராக்டர் அந்தப் பெட்டியை வாங்கி அனுப்பினார். இனி ஓட வேண்டாம். தூரத்தில் பாறை மறைவில் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினால் போதும். சக்கரவர்த்தி அந்தப் பெட்டியைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தான். அது இல்லாவிட்டால் தனக்கு அந்த மலையில் சோறு இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பெட்டிக்குக் கட்டைகள் வாணியம்பாடியிலிருந்து சாமான் லாரியில் வரும். வந்ததும் மேஸ்திரி சின்னராசுவின் கைக்குப் போகும். அங்கேதான் வந்தது வினை. சின்னராசு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கியிருந்தான். அதற்கும் அதே கட்டைதான். புதுக் கட்டை ரேடியோவுக்குள் போய்ப் பாடும்; பாடி ஓய்ந்தது வெடிப் பெட்டிக்கு வரும். ஓய்ந்த கட்டையை மத்தியான வெயிலில் சுடுகிற பாறை மேல் அடுக்கி வைப்பது அந்த முகாமில் எல்லோரும் செய்கிற வைத்தியம். மழைக்காலமானால் செந்தாமரை அடுப்போரச் சாம்பலில் புதைத்து வைப்பாள். சூடு ஏறியதும் கட்டைக்குக் கொஞ்சம் உயிர் வரும். டார்ச் லைட் பல்பை வைத்துப் பார்ப்பார்கள். எரிந்தால் கட்டை நல்ல கட்டை.

நல்ல கட்டையாவது, மண்ணாவது. பல்பு குடிப்பது ஒரு வாய்த் தண்ணீர். பாறையில் போட்ட ஆறு குழியும் சேர்ந்து கேட்பது ஒரு குடம். கட்டை சோர்ந்திருந்தால் ஒரு குழி முந்திக்கொண்டு வெடிக்கும், ஒயர் அறுந்துபோகும், இன்னொன்று மருந்தோடு அப்படியே கிடக்கும். இது சக்கரவர்த்திக்குத் தெரியும். மேஸ்திரியிடம் ஒரு தரம் மென்று விழுங்கிச் சொல்லியும் பார்த்தான்.

"கட்ட இன்னா உன் மாமியார் வூட்டு சீதனமாய்யா? வெயில்ல வெச்சி எடுத்தா ஆவுது. முடியலன்னா சொல்லிடு. திரி வெச்சிட்டு ஓடுறதுக்கு கீழ ஆளு நிக்கிறான்" என்றான் சின்னராசு.

சக்கரவர்த்தி ஓய்ந்த கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். வெட்கக்கேடு என்னவென்றால், சாயங்காலமானால் அவனும் போய் அந்த ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான். தன் பெட்டியின் உயிரை உறிஞ்சித்தான் அது பாடுகிறது என்று தெரிந்தே தாளம் போட்டான்.

வெடி வைக்கும்போது கல் சுமக்கிற பெண்கள் வளைவுக்குக் கீழே போய் உட்கார்ந்து, ஒரே தட்டுக்குக் குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குவார்கள். எல்லாச் சத்தமும் கேட்டு சக்கரவர்த்தி விசில் ஊதினால்தான் ஆட்கள் பாறைக்குத் திரும்பலாம். அந்த விசிலை நம்பித்தான் அத்தனை பேரும் அங்கே வேலை செய்தார்கள்.

ஒரு நாள் சூடேற்றிய பழைய கட்டைகளோடு அவன் சுவிட்சைத் தட்டினான். மலை அதிர்ந்தது. அவனும் விரலை மடக்கிக்கொண்டு வந்தான். ஐந்தாவது விரலோடு நின்றது. காத்திருந்தான். காக்கைகள் திரும்ப வந்து மரத்தில் உட்கார்ந்தன. ஆறாவது சத்தம் வரவில்லை.

கீழேயிருந்து சாந்தம்மாள் ஏறி வந்தாள். கடப்பாறை போடுகிற முனியனின் பெண்டாட்டி. "அஞ்சுதான்ணா கேட்டுச்சு" என்றாள்.

"ரெண்டு குழி ஜோடியா ஒரே சத்தமா போயிருக்கும். இன்னா சக்கரவர்த்தி?" என்று சின்னராசு அவன் முகத்தைப் பார்த்தான்.

ஒரு குழி ஊமையாக நிற்கிறது என்று சொன்னால் அன்றைய வேலை நிற்கும். காண்ட்ராக்டர் வருவார். பெட்டி சரியில்லை என்பார். மறுநாளே திரி வந்துவிடும். சக்கரவர்த்தி தன் காலைப் பார்த்தான். சோறு பெரிதாகத் தெரிந்தது அவனுக்கு. பாவிக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"ஜோடியாத்தான் போச்சிங்க" என்றான். விசிலை எடுத்து ஊதினான்.

முனியன்தான் முதலில் போனான். உடைந்த கல்லை நெம்புவதற்குக் கடப்பாறையை இறக்கினான். அப்போதுதான் ஆறாவது சத்தம் கேட்டது. அவனைத் துப்பட்டியில் கூட்டி அள்ளித்தான் கீழே கொண்டுபோனார்கள்.

விசாரிக்க ஆபீசர் வந்தார். அதற்குள் ரேடியோவிலிருந்த புதுக் கட்டைகள் பெட்டிக்குள் ஏறிவிட்டன. ஆபீசர் சுவிட்சைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். குழியைப் பார்க்காமல் முனியன்தான் கடப்பாறையைப் போட்டான் என்று சின்னராசு பூசி மெழுகினான். ஆபீசர் திரும்பிக் கேட்டபோது சக்கரவர்த்தியும் அதையே சொன்னான். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப் போகிறான்? செந்தாமரை சாம்பலில் கிடந்த கட்டைகளைப் பொறுக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வந்தாள். சின்னராசு கொஞ்ச நாள் ரேடியோவைத் திறக்காமல் இருந்தான், பிறகு திறந்தான்.

அதற்கப்புறம் பெட்டிக்குப் புதுக் கட்டைதான். ஆறு குழி என்றால் ஆறு சத்தமும் கேட்டது. முன்பே செய்திருக்கலாம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்து சாந்தம்மாள் மறுபடியும் கல் சுமக்க வந்தாள். வேறு எங்கே போவாள்? அன்று ஆறு சத்தமும் ஒழுங்காகக் கேட்டு அவன் விசில் ஊதினான். அவள் எழுந்திருக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்ததால் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறும் போயிடுச்சி தங்கச்சி. புதுக் கட்ட" என்றான் சக்கரவர்த்தி.

"நீ மொதல்ல போய் நில்லு" என்றாள். அண்ணா என்ற சொல் போய்விட்டிருந்தது.

மேஸ்திரி அதட்டிப் பார்த்தான். ஒருத்தியும் அசையவில்லை. சக்கரவர்த்தி நொண்டிக்கொண்டே போய்ப் பாறை மேல் நின்றான். அவள் கையைக் காட்டினாள். "அந்தாண்ட. இன்னும் அந்தாண்ட." ஒவ்வொரு குழியிலும் அவன் நின்று மிதித்துக் காட்டிய பிறகுதான் அவள் கூடையை எடுத்தாள்.

அது வழக்கமாகிவிட்டது. விசில் ஊதியதும் அவன் போக வேண்டும், மிதிக்க வேண்டும். புதுக் கட்டை என்று தெரிந்தும் உள்ளங்கால் கூசும். வளைவுக்கு வளைவு ரோடு ஏறியது, அவனும் கூடவே மிதித்துக்கொண்டு ஏறினான். கடைசியில் ஒரு நாள் தாங்க மாட்டாமல், விசில் ஊதுவதற்கு முன்பே அவளிடம் போய் நின்றான்.

"அன்னிக்கி அஞ்சுதான் தங்கச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ஊதுனேன்."

சாந்தம்மாள் சும்மாட்டுத் துணியை உதறித் தலையில் சுற்றிக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "போய் நில்லு."