ராணுவம் தலை குனிந்த காலம்

கண்ணாடிக் கதவு திறந்ததும் முதலில் அவருடைய முகவாய் இறங்கும். டையின் முடிச்சைத் தொடும் வரைக்கும் இறங்கி, ஒரு மூச்சு நேரம் அங்கேயே நிற்கும். பார்வை வாடிக்கையாளரின் செருப்பில் தொடங்கி, முழங்கால், கைப்பை, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறி, கடைசியில்தான் முகத்துக்கு வந்து சேரும். வந்து சேர்ந்த பிறகே "வாங்க, வணக்கம்" என்பார். அவசரமே இல்லாத அந்தக் குனிவைப் பார்த்தவர்கள், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று உள்ளே வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் சோபா வாங்காமல் போகமாட்டார்கள்.

சோபா, கட்டில், மேசை, நாற்காலி விற்கும் இரண்டு மாடிக் கடை எங்களுடையது. அவர் கீழ்த்தள மேலாளர், எனக்குச் சித்தப்பா. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், "கடைக்குள்ள சித்தப்பான்னு கூப்பிட்டே, தொலைச்சிடுவேன்" என்று சொன்னதும் அவர்தான். பில் போடும் மேசை எனக்கு. வாசல் அங்கிருந்து நேராகத் தெரியும். பேச வேண்டிய வேலை அதிகமில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கடையில் அவருக்கு 'ராணுவம்' என்று பெயர். ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பமாட்டார். அணிவகுப்பில் நிற்பவர் மாதிரி கழுத்தையும் தோளையும் சேர்த்து வெடுக்கென்று திருப்புவார். அதனால் வந்த பெயர். திமிர் பிடித்தவர் என்றும் சொல்லிக்கொள்வார்கள். சிறு வயதில் பந்து பட்டு இடது கண் போய்விட்டது, வெளிச்சம் வந்தால் வெளிச்சம் என்று தெரியும், அவ்வளவுதான் என்பது வீட்டில் இருக்கும் எங்களுக்கு மட்டும் தெரியும். ஒற்றைக் கண்ணன் என்ற பெயருக்கு ராணுவம் எவ்வளவோ மேல் என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

சர்க்கரையும் தொப்பையும் அவருக்குக் கூடப் பிறந்தவை மாதிரி. தொப்பையால் வியாபாரமும் நடந்தது. சோபா தாங்குமா என்று எவராவது சந்தேகப்பட்டால், சட்டென்று அதில் உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கி, "என்னையே தாங்குது, உங்களைத் தாங்காதா?" என்பார். அந்த வாக்கியத்துக்கு மறுவாக்கியம் கிடையாது. ஆனால் சர்க்கரை டாக்டருக்குச் சோபா விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்றை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை இறங்கியது, பசி இறங்கியது, தொப்பையும் பின்னாலேயே இறங்கிப் போனது. பெல்ட்டில் ஆணி வைத்து அவரே புது ஓட்டைகள் போட்டார். இடுப்பில் நிற்காத கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் குனிந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதான அம்மா வந்தார். சித்தப்பா அவர் எதிரே நின்று, முகவாயை இறக்கி, கால் முதல் தலை வரை மெதுவாகப் பார்வையை ஏற்றி, கும்பிட்டார். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்துவிட்டார். கையைத் தட்டினார். "பாருங்கய்யா, பாருங்க! நிறைகுடம்னா இதுதான்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மெத்தைப் பிரிவில் விற்கும் ஒருவன் இருக்கிறான், அவன் பெயரே எங்களுக்கு 'மெத்தை'. என் மேசைப் பக்கம் சாய்ந்து, "உடம்புல இருந்த கொழுப்போட வாயில இருந்ததும் கரைஞ்சிருச்சுடா. நல்ல மருந்து. எங்க மாமியாருக்கு ஒண்ணு வாங்கணும்" என்றான்.

வீட்டிலும் அதே பேச்சு. "கல்யாணம் ஆனதிலேர்ந்து சாப்பாட்டுல ஒரு குறை சொல்லாம எழுந்ததில்ல உங்க சித்தப்பா. இப்ப வச்ச கண் வாங்காம தட்டையே பார்த்துச் சாப்பிடுறார். படியில இறங்கும்போதுகூட அடக்கமா குனிஞ்சுதான் இறங்குறார்" என்று சித்தி தன் அக்காவுக்கும் தங்கைக்கும் போன் போட்டுச் சொன்னாள். கண் பட்டுவிடப் போகிறது என்று அவர்கள் சொன்னார்களாம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாசலில் சித்தப்பா குனியத் தொடங்கியபின் வியாபாரம் கூடியது என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. கடையில் எல்லாரும் அதே மாதிரி குனிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். பயிற்சி கொடுக்கும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. கடை திறக்கும் முன்னால் விற்பனைக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே வரிசையாக நிற்பார்கள். சித்தப்பா எதிரே நின்று, "முதல்ல செருப்பு. அப்புறம் முட்டி. அப்புறம் கை. கையில குழந்தை இருக்கான்னு பார்க்கணும். கடைசியா முகம்" என்று சொல்லிக் கொடுப்பார். அவ்வளவு பேரும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்வார்கள். மெத்தை மட்டும் முட்டியிலேயே கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டதாக ஒரு பெண் புகார் சொன்ன பிறகு, அவனை மாடிக்கு மாற்றினார்கள்.

அப்படி ஒரு பயிற்சியின்போதுதான் அது நடந்தது. "குனிஞ்ச பிறகு எப்படி நடக்கணும்னு பாருங்க" என்று சித்தப்பா தலையை நிமிர்த்தி, சிரித்த முகத்தோடு முதலாளியை நோக்கி நடந்தார். சோபா முன்னால் கால் நீட்டிக்கொள்ள ஒரு குட்டி ஸ்டூல் கிடந்தது. பச்சை நிறம். குருடனுக்கும் தெரியும் பச்சை. நேராகப் போய் அதில் இடித்து, சோபாவின் மேல் குப்புற விழுந்தார்.

"பார்த்தீங்களா? விழும்போதும் எதிர்ல இருக்கிறவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கல. அதான் மரியாதை" என்றார் முதலாளி.

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கக் கிடங்குக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா, ஸ்டூல் தெரியலையா?"

"அதை அங்க எவன்டா வச்சான்?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து அங்கதான் இருக்கு."

தண்ணீர் பாட்டிலை எடுக்க முகவாயை இறக்கினார். அதே குனிவு. அங்கே வாடிக்கையாளர் யாரும் இல்லை.

"தெரியலடா" என்றார் பாட்டிலிடம். "ஒரு நாள் எழுந்து முகம் கழுவிக் கண்ணாடியில பார்த்தா, நெத்தி இருக்கு, புருவம் இருக்கு, அதுக்குக் கீழ என்னைக் காணோம். சாம்பல் கலர்ல ஒரு திரை. வலியே இல்ல. வலிச்சிருந்தா நம்பியிருப்பேன்."

"வலது கண்ணா?"

"இடது கண்ணுல எனக்கு என்னைக்குடா எது தெரிஞ்சது?"

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"கண்ணுல எதாவது மாற்றம் தெரிஞ்சா உடனே வாங்கன்னு முதல் ஊசியிலேயே சொல்லித்தான் அனுப்பினார். சொன்னா நிறுத்திடுவார்."

"நிறுத்தட்டுமே."

"தொப்பை திரும்ப வரும். பழைய ஆளாயிடுவேன். இத்தனை வருஷத்துல இப்பதான்டா நாலு பேரு என்னை நல்ல மனுஷன்ங்கிறான்."

"அது ஊசியால இல்ல சித்தப்பா. கண்ணால."

"ஊசியால கண்ணு, கண்ணால நல்ல பேரு. எங்கேர்ந்து வந்தா என்ன?"

"மீதிப் பாதியும் போயிட்டா?"

"அப்ப இன்னும் பணிவாயிடுவேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சித்தி கிட்ட மட்டும் சொல்லிடாதே."

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். சித்தி முதலில் நம்பவில்லை. "எனக்கு மரியாதை குடுக்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டாள். அவளுக்கும் அந்தக் குனிவு வேண்டியிருந்தது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சித்தப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

"என் முகத்தை மட்டும் பாருங்க. குனியக்கூடாது."

"என்ன, திடீர்னு காதலா?"

"கையில என்ன வச்சிருக்கேன்?"

அவள் கை இடுப்புக்கு முன்னால் இருந்தது. கூடத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"கரண்டி."

"ஏங்க, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. கரண்டி."

"நாளைக்கு நீங்க போட்டுக்க வேண்டிய ஊசி."

அவர் மெதுவாகக் குனிந்து அதைப் பார்த்தார். அந்த ஒரு தடவை சித்தியும் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"முண்டம்" என்றாள். புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டு அன்றுதான் முதல் தடவை கேட்டேன். "சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகு நேரம் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, ஒரு கருவிக்குள் தலையை நுழைத்து, புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கீழே வந்த புள்ளி எதற்கும் சித்தப்பா அமுக்கவில்லை.

"கண் நரம்புக்குப் போற ரத்தம் குறைஞ்சிருக்கு. ஊசியாலதானான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்துல குறட்டை, எதுவும் காரணமா இருக்கலாம். இந்த மருந்து மேலயும் ஒரு சந்தேகம் இருக்கு. ரொம்ப அபூர்வம்தான். எத்தனையோ பேர் போட்டுக்கிட்டு நல்லா இருக்காங்க. ஆனா உங்களுக்கு இருக்கிறது ஒரு கண்ணு. இப்போதைக்கு ஊசி வேண்டாம். சர்க்கரைக்கு வேற மருந்து குடுக்கச் சொல்லி உங்க டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

"போனது வருமா?" என்று சித்தி கேட்டாள்.

"வரும்னு சொல்ல முடியாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். எப்ப ஆச்சு இது?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றார் சித்தப்பா.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "அன்னைக்கே வந்திருந்தாலும் போனதைக் கொண்டு வந்திருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஊசியை அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். இத்தனை வாரமும் இருக்கிற பாதியை வச்சுச் சூதாடியிருக்கீங்க. ஜெயிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

சித்தப்பா தலை குனிந்தார். எதைப் பார்க்க என்று எனக்குத் தெரியவில்லை.

மீதிப் பாதி இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. தொப்பை கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாசலில் நிற்க வேண்டாம் என்று அவருக்கு எனக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டார்கள். கண் விஷயம் கடையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் ஒற்றைக் கண்ணன் என்று சொல்லவில்லை. குனிவதை இனி விட்டுவிடலாமா என்று மெத்தை கேட்டதற்கு, "வியாதியில வந்தா என்ன, வியாபாரத்துக்கு நல்லதுதானே" என்றார் முதலாளி. ஆக, இப்போதும் எங்கள் கடைக்குள் நீங்கள் நுழைந்தால், நல்ல கண்ணுள்ள அத்தனை பேரும் உங்கள் செருப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலாளி புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். வேலையில் ஈடுபாடு என்றால் என்ன என்பதற்கு உதாரணம் வேண்டியிருந்தது அவருக்கு. சித்தப்பா அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

"நான் முதல்முதலா கை தட்டினேனே, அன்னைக்குக் காலையில கடை திறந்ததும் ராணுவம் என்கிட்ட வந்தார். கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், அரை நாள் லீவு வேணும்னார். போய்ட்டு வாங்கன்னேன். கிளம்பி வாசல் வரைக்கும் போனவர், எதிர்ல வந்த அம்மாவைக் குனிஞ்சு கும்பிட்டார். நான் கை தட்டினேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கே போகல. லீவு வேண்டாம் சார்னு திரும்பி வந்துட்டார்."