பக்கத்து இருக்கையில் ஒரு பிளகின்

டெல்லியில், துவாரகா மெட்ரோ ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கால் ஓயாமல் ஆடியது. நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு, அவரே பேச்சுக் கொடுத்தார். இணையதளங்களில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருளான பிளகின் ஒன்றை எழுதி இலவசமாகத் தருகிறாராம். அதை ஒரு கம்பெனி விலைக்குக் கேட்கிறதாம்.

“கொடுத்துடலாமே?” என்றேன்.

“கொடுத்தா, ‘காசு கட்டி பிரீமியம் வாங்கு’ன்னு அவங்க விளம்பரம் எல்லார் ஸ்கிரீன்லயும் வந்து நிக்கும், அங்கிள். அப்படி ஒண்ணை மூடத் தெரியாம எங்கப்பா பயந்தே போயிட்டார்.”

“அப்போ வேண்டாம்னு எழுதிடுங்க.”

“எழுதிட்டேன். அனுப்பத்தான் கை வரலை. தனியா இதைப் பார்த்துக்க என்னால முடியலை.”

ஜனக்புரி வந்ததும் இறங்கிவிட்டார். பிளகினின் பெயரை நான் கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பின் இணையதளத்தை நான்தான் கவனிக்கிறேன். அதில் எந்தப் பிளகின் அப்டேட் கேட்டாலும், இது அந்தப் பெண்ணுடையதோ, என்ன முடிவெடுத்தாரோ என்று விரல் தயங்குகிறது.