சட்டையை மடித்து வைத்தது யார்

மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தின் மேல் நிறுத்திவைத்துத்தான் அவர் என்னை வேண்டாம் என்று சொன்னார். "அம்மா ஒத்துக்க மாட்டேங்கறா. இதோட விட்டுடலாம்" என்றார். கீழே ஆபீசுக்குப் போகும் லோக்கல் ரயில் வந்து நின்றது. ஓடிப் போய் ஏறிக்கொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது, அவருடைய குடை என் கையில் இருந்தது. அதைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை மனுஷருக்கு. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்து அந்தக் கோபம் எங்கே போய்த் தொலைந்ததோ, வாயைத் திறக்க முடியாமல் நின்றேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அதே கட்டிடத்தின் மேல்மாடி ஆபீசில் அவருக்கு வேலை. நாங்கள் தாராவி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அவர் வீட்டார் தாத்தா காலத்திலிருந்தே மாட்டுங்காவில் இருக்கும் பிராமணர்கள். அவருடைய அம்மா ஒத்துக்கொள்ளாததற்கு என்ன காரணம் என்று நான் வேறு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா சொன்னதில் எனக்கு வருத்தமே கிடையாது. முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணை அந்த அம்மாள் எப்படி ஒத்துக்கொள்வார்? அம்மா சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டு, "நீ என்ன செய்வே?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் ரயில் ஏறினாரே, அதுதான் ஆறவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் பாட்டு வந்து சேர்ந்தது. தாராவியிலிருந்த மெல்லிசைக் குழு ஒன்று சொந்தமாகப் பாட்டுக் கட்டி கேசட் போட்டிருந்தது. என்னோடு ரயிலில் வரும், பாங்கில் வேலை பார்க்கும் தோழி அதை யாரிடமோ காப்பி எடுத்துக் கொடுத்தாள். அட்டை கிடையாது, படம் கிடையாது. அதில் ஒரு பெண் பாடினாள்:

சட்டைய மடிச்சு வச்சேன் – அதுமேல
சாவிய எடுத்து வச்சேன்
வாரேன்னு சொல்ல மாட்டேன் ராசா
போறேன்னு சொல்லிட்டேன்

எங்கள் வீடுகளில் ரேஷன் கடைக்குக் கிளம்பினாலும் "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி "போறேன்" என்றால், "ஏட்டி, வாரேன்னு சொல்லு" என்று முதுகில் ஒன்று விழும். திரும்பி வராதவர்கள்தான் போகிறவர்கள். அந்தப் பெண் அதைத் தெரிந்தே, குரல் நடுங்காமல் பாடினாள். நான் பாலத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் எனக்காக ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் அதைப் போட்டுப் போட்டு டேப் தேய்ந்தது. என் அம்மா, "ஜெப நேரத்துலயாவது அவள வாய மூடச் சொல்லு" என்பாள்.

சயானில் ஏறினால் வி.டி. ஸ்டேஷன் போகும்வரை லேடீஸ் பெட்டியில் இதே பேச்சு. காட்கோபரில் ஏறி எங்களுக்கும் இடம் போட்டு வைக்கும் நர்ஸ் அக்கா ஒருத்தி உண்டு. பாங்க்காரி ஆரம்பித்து வைப்பாள்.

"சட்டைய மடிச்சு வச்சிட்டுப் போறான்னா அவளுக்கு இன்னும் ஆச இருக்குன்னுதான அர்த்தம்? பிடிக்காதவன் சட்டைய எவளாவது மடிப்பாளா?"

நர்ஸ் அக்கா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தமாட்டாள். "போ, ஏட்டி. வார்டுல ஒரு ஆளு போய்ச் சேந்துட்டா அவரு துணிமணிய மடிச்சுத்தான் வீட்டாள்க கையில கொடுப்போம். ஆசைலயா மடிக்கோம்? கத முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அப்ப ராசான்னு எதுக்குக் கூப்புடுதா?"

"எங்கம்மா என்ன அடிக்கதுக்கு முன்னாடி ராசாத்தின்னுதான் கூப்புடுவா" என்றேன் நான். எதிர் சீட்டில் இருந்த மராத்திக்காரப் பெண் என்ன விஷயம் என்று கேட்க, பாங்க்காரி பாட்டை ஹிந்தியில் எடுத்துச் சொன்னாள். அவள், "ஏக்தம் கரெக்ட் கியா", செய்தது ரொம்பச் சரி, என்று சொல்லிவிட்டு தாதரில் இறங்கிப் போனாள். பாடியவள் யார், எந்தத் தெரு, அவளை விட்டவன் எவன் என்று எங்களுக்குள் ஒரு கதையே கட்டி வைத்திருந்தோம். கல்யாணமாகி வந்த திருநெல்வேலிக்காரி, தனியாக மில் கேண்டீனில் வேலை பார்க்கிறாள் என்பது என் கட்சி.

அடுத்த மழைக்காலத்தில் செம்பூரில் ஒரு கோயில் விழாவுக்கு அந்தக் குழு வருகிறது என்று தெரிந்து மூன்று பேரும் போனோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இருட்டக்கூட இல்லை. நான் மேடையில் புடவை கட்டிய ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். கட்டை மீசையும் சஃபாரி சூட்டுமாக ஒருவர் முன்னால் வந்து மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார். சட்டைய மடிச்சு வச்சேன்! என் பாட்டுக்காரியுடைய குரல்! கூட்டம் விசிலடித்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மேடைக் கச்சேரிக்குப் பெண்பிள்ளையை லேசில் அனுப்ப மாட்டார்கள். அதனால் குழுவுக்கு ஒரு ஆண் பெண் குரல் பாடப் பழகியிருப்பார். மேடை பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்த விஷயம். கேசட்டை மட்டும் கேட்டுவிட்டு ஒருத்தியை மனதில் குடிவைத்திருந்த என் போன்ற மடச்சிக்குத்தான் தெரியாது. பக்கத்தில் விசாரித்ததில், தாராவியில் லெதர் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் பாய் என்றார்கள். பாட்டும் அவரே எழுதியதாம்.

மறுநாள் ரயிலில் பெரிய சண்டை. "குரல் நல்லாருக்குல்லா, யார் பாடுனா என்ன? சோட் தோ, விட்டுத் தள்ளு" என்றாள் பாங்க்காரி.

நர்ஸ் அக்காவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். "எங்க ஆஸ்பத்திரில பிரசவம் பாக்குத டாக்டர் ஆம்பளதான். அவரு என்ன பெத்தா பழகுனாரு? பிள்ள ஒழுங்கா வெளிய வருதா இல்லியா?"

"பிரசவம் பாக்கட்டும், யாரு வேண்டாங்கா? நான்தான் பெத்தேன்னு சொல்லப்பிடாதுல்லா" என்றேன். பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு மீசைக்காரன் பாட்டையா கட்டிக்கொண்டு இத்தனை நாள் அழுதோம் என்று அவமானமாக இருந்தது.

அந்த வாரமே, இதற்கென்றே காத்திருந்ததுபோல, பாலத்தில் என்னை விட்டுப் போனவர் ஆபீசுக்குப் போன் செய்தார். அவர் வேறு ஆபீசுக்கு மாறி மாசக்கணக்காகியிருந்தது. அம்மா சம்மதித்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து உடுப்பி ஓட்டலில் பார்க்கலாமா என்றார். சரி என்றுவிட்டேன். நான் அவரை மறந்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். வேண்டாம் என்று என்னைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது அந்தப் பாட்டுதான். அந்தப் பெண் போனாளே, நாமும் போகலாம் என்று ஒரு வீம்பு. இப்போது அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு எனக்கு மட்டும் என்ன வீம்பு?

சனிக்கிழமை மத்தியானம் வார் அறுந்த கைப்பையை எடுத்துக்கொண்டு பாயின் பட்டறைக்குப் போனேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பையை வாங்கிப் பார்த்தவரிடம், பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"பாய், ஒரு பொம்பள சொல்லுத மாதிரி நீங்க எப்படிப் பாடலாம்? ஒங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் கோபப்படவில்லை. வாரை ஊசியின் அடியில் கொடுத்தார். "நெறைய பேரு, நல்லா பாடுதீயன்னு சொல்லிருக்காவ. இப்படி யாரும் கேட்டதில்ல தங்கச்சி."

"கேக்கேன், சொல்லுங்க."

"அது என் சட்ட" என்றார். "இதே இடத்துல குனிஞ்சு தச்சிக்கிட்டு இருந்தேன். எம்பொஞ்சாதி வந்து நின்னு, போறேன்னா. நான் தலைய நிமுத்தல. சரி, போயிட்டு வான்னேன். வீட்டுக்குப் போய்ப் பாத்தா சட்ட மடிச்சிருக்கு, மேல சாவி இருக்கு. அவ வாப்பா வீட்டுக்கு ரயிலேறிட்டா. போறேன்னுதான் சொன்னான்னு அப்பத்தான் என் காதுல விழுந்துச்சு."

மெஷினை நிறுத்தினார். "மொதல்ல ஆம்பளக் குரல்லதான் பாடிப் பாத்தேன். அவ என்ன விட்டுட்டாளே, அய்யோன்னு. கேக்கவே கேவலமா இருந்துச்சு. என்ன ஏசணும்னா அவ குரல்லதான் ஏச முடியும். அதான் அப்படிப் பாடுதேன்."

"அவங்க கேட்டாவளா?"

"கேசட் அனுப்பி வச்சேன்" என்றார். மெஷினை மறுபடி ஓட்டினார். வாரைத் தைத்துக் கொடுத்தார். "வாரேன் பாய்" என்றேன். தலையை நிமிர்த்தி என் முகத்தை நேராகப் பார்த்து, "போயிட்டு வாம்மா" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒன்று தெளிவானது. பாடியவர் யார் என்பது எனக்கு முக்கியமாகத்தான் இருந்தது, ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி இல்லை. அவர் ஆணா, பெண்ணா, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பதை விட, பாட்டுக்குள் அவர் தன்னை எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. குரலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் குற்றத்தைத் தான் வைத்துக்கொண்டார் மனுஷன். இப்படியும் ஒருவர் உணர முடியுமென்றால், என்னை விட்டுப் போனவரும் உணர்ந்திருக்கலாமே என்று என் மனம் தாவியது. அன்றைக்கு நான் அவருடைய குடையைத் துடைத்து மடித்து, பைக்குள் வைத்தேன்.

மறுநாள் ஓட்டலில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். காபி சொன்னார்.

"அம்மாவைச் சம்மதிக்க வைக்கறதுக்குள்ள உயிரே போயிடுத்து. எந்தப் பொண்ணையும் பார்க்க வரமாட்டேன்னு உட்கார்ந்துட்டேன்" என்றார். நன்றாகத்தான் இருந்தது கேட்க. பிறகு அவரே சொன்னார்: "ஒரு பாட்டு, உங்க பக்கத்து ட்ரூப்பாம். சட்டைய மடிச்சு வச்சேன்னு. கேட்டிருக்கியா? ஆபீஸ் விட்டு வந்தா எனக்கு அதான் துணை. என்னைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கு."

நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். "எந்த எடம்?" என்றேன்.

"எல்லாமேதான். மனசே இல்லாம ஒருத்தரை விட்டுட்டுப் போறது எவ்வளவு கஷ்டம்! பாலத்துலேர்ந்து இறங்கறச்சே எனக்கு அப்படித்தான் இருந்தது. அவ படற வேதனை எனக்குத்தான் தெரியும்."

"அப்ப அந்தச் சட்ட யாரோடது?"

"எந்தச் சட்டை?"

"பாட்டுல வர்ற சட்ட."

"யாரோ ஒருத்தரோடது" என்று சிரித்தார். "அதுவா முக்கியம்? பாடறவளோட வலிதானே பாட்டு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. விட்டுவிட்டுப் போனவர் அவர்தானே. போகிறவள் பாட்டில் தன்னை வைத்துப் பார்த்தது நியாயம்தான். ஆனால் அந்தச் சட்டை என்னோடது என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், காபிகூடக் குடிக்காமல் அங்கிருந்தே அவருடன் அவர் அம்மாவைப் பார்க்கப் போயிருப்பேன். இதை எழுதும் இந்த வயதிலும் சொல்கிறேன், நிச்சயம் போயிருப்பேன். பாலத்தில் நான் நின்றது அவர் கண்ணில் படவே இல்லை. என் வலியையும் அவரே எடுத்துக்கொண்டு, அதற்கு என்னிடமே ஆறுதல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பைக்குள் இருந்து குடையை எடுத்து அவருடைய டபராவுக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுந்து நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்தே, ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"போறேன்."

அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "சரி, போயிட்டு வா" என்றார்.