கோணலாக ஸ்கேன் செய்யப்பட்ட குழி

போன செவ்வாய்க்கிழமை, தொம்மலூரில் டியூஷன் முடிந்து நடந்து வந்த என் மகள் சாக்கடைக்குள் விழுந்தாள்.

தெரு முழுக்க மழைத் தண்ணீர். நடைபாதையில் சாக்கடையை மூடும் சிமென்ட் பலகைகளில் ஒன்றைக் காணோம். இடுப்பளவு உள்ளே போனவளை இளநீர்க் கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். கணுக்காலில் கட்டு. மற்றபடி நன்றாக இருக்கிறாள். நான்தான் இல்லை.

மூன்றாம் நாள் வார்டு ஆபீசுக்குப் போனேன். சண்டை போடத்தான். ஆனால் கன்னடமும் தமிழும் கலந்து பேசிய அங்கிருந்த என்ஜினீயர் அதற்கு இடமே தரவில்லை.

"உக்காருங்க சார், கூத்கொள்ளி. அந்த ஸ்லாப்பா? தெரியுமே! வெப்சைட்லயே போட்டிருக்கோமே."

போட்டிருந்தார்கள். 'பொதுத் தகவல்' என்ற தலைப்பில், திறந்து கிடக்கும் சாக்கடைகளின் பட்டியல். நாற்பது பக்கம். பாதி தலைகீழ், மீதி கோணல். எங்கள் தெருவின் பெயர் மேல் நீல முத்திரை. தேடினால் ஒன்றும் கிடைக்காது — எல்லாம் காகிதத்தைப் பிடித்த படம்.

"இதை எப்படி சார் தயார் பண்றீங்க?"

"எக்செல்ல டைப் பண்ணுவோம். பிரிண்ட் எடுத்து, பெரிய சார்கிட்ட கையெழுத்து வாங்கி, சீல் போட்டு, ஸ்கேன் பண்ணி ஏத்துவோம்."

"அந்த எக்செல்லையே ஏத்திடலாமே?"

பரிதாபமாகப் பார்த்தார். "சீல் இல்லாம எப்படி? எவனாவது மாத்திட்டான்னா?"

"அசல் உங்ககிட்ட இருக்குமே?"

"அதான் சார். எங்ககிட்ட பத்திரமா இருக்கு."

குழியின் விவரத்தைத் திருத்தி யாருக்கு என்ன லாபம்? ஆனால் எனக்கு வேறு கவலை. "திங்கக்கிழமை பொண்ணு மறுபடி நடந்து போகணும். எந்த வழியா அனுப்பறது?"

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஏதோ தட்டினார். இரண்டு விநாடி.

"செகண்ட் கிராஸ் பேடா சார், வேண்டாம். அங்க ரெண்டு ஓப்பன். சர்ச் பின்னாடி ஒண்ணு. பேக்கரி ரோடு ஓகே."

ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். நல்ல மனிதர்.

அரசாங்கம் மறைக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லை. எல்லாவற்றையும் வெளியிடுகிறது. படிப்பதற்கு ஒருவர் வருவார் என்பதைத்தான் அது எதிர்பார்க்கவில்லை.

எழுந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னார்: "என் பொண்ணும் அந்தப் பக்கம்தான் சார் ஸ்கூலுக்குப் போறா. தினம் எக்செல் பாத்துட்டுத்தான் அனுப்பறேன்."

அந்தச் சீட்டில் இருந்ததை டைப் செய்து டியூஷன் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "சார், எங்க ரோடு எப்படி?" என்று இதுவரை பதினோரு பெற்றோர் கேட்டுவிட்டார்கள்.

வார்டு ஆபீஸ் பத்தரைக்குத் திறக்கும் என்று பதில் போட்டிருக்கிறேன்.