தொட்டிலுக்கு மேலே ஒரு பாரம்பரியச் சின்னம்

அந்த விண்ணப்பத்தை நான் ஏன் எழுதிக் கொடுத்தேன்?

அரியாங்குப்பத்தைத் தாண்டி, வயலாக இருந்து மனைகளாகிவிட்ட இடத்தில் இருக்கிறது என் கணவரின் குடும்ப வீடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில், சுற்றிலும் எல்லாரும் ஓடும் கீற்றும் போட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய கொள்ளுத்தாத்தா கான்கிரீட்டில் கட்டியது. கூரை, தூண், நெல் கொட்டும் குதிர்கூட கான்கிரீட்தான். குதிருக்குள் இப்போது என் ஒன்றரை வயது மகளின் பழைய துணிகள் கிடக்கின்றன.

பிரச்சினை கூரையில். மழைக்காலம் முடிந்ததும் காரை உதிர ஆரம்பிக்கும். போன வருடம் தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று விழுந்தது. தொட்டிலைக் கூடத்துக்கு மாற்றினேன். அங்கேயும் மேலே விரிசல். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் பழைய கட்டடங்களைப் பட்டியலெடுக்கும் குழு ஒன்று விண்ணப்பம் கேட்பதாகக் கேள்விப்பட்டேன். பட்டியலில் சேர்ந்தால் பழுதுபார்க்க உதவுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். படித்தவள் ஆயிற்றே, வீட்டின் பெருமையை மூன்று பக்கத்துக்கு எழுதினேன். உதவி கிடைக்குமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, அந்தக் குழுவிலிருந்து கட்டடக்கலை படித்த இளம்பெண் ஒருத்தி வீட்டைப் பார்க்க வந்தாள். இந்த வீட்டை இடிக்கச் சொல்லிப் பத்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்த என் மாமியார் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பீச் பக்கம் மஞ்ச பெயிண்ட் அடிச்ச வூடுங்கள வுட்டுட்டு இங்க இன்னாம்மா பாக்கப் போற? பின்னாடி மாட்டுக் கொட்டா இருக்குது, அதையும் எழுதிக்கோ."

அவள் சிரித்தபடி அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு காரை பெயர்ந்த இடத்தில் டார்ச் அடித்துவிட்டு, "மேடம், கிளிஞ்சல்!" என்று கத்தினாள். வீட்டைக் கட்டியவர்கள் கழிமுகத்து மணலை அள்ளிவந்து கான்கிரீட்டில் கலந்திருக்கிறார்கள். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் பழகியவர்கள். கிளிஞ்சல் கிடக்கும் மணல் இன்னும் உறுதி என்று நம்பியிருப்பார்கள்.

"அதுல உப்பு இருக்குமே?" என்றேன்.

"ஆமா மேடம், அதான் கம்பி துருப்பிடிச்சுக் காரையத் தள்ளுது. ஆனா இந்த வீட்டோட மதிப்பே அதுலதான். ஊர் ஆளுங்க கான்கிரீட்ட தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி செஞ்சு பாத்திருக்காங்க. விழுற துண்டத் தூக்கிப் போட்டுடாதீங்க, பையில போட்டு வைங்க."

என் மகள் தலையில் விழ இருந்ததைப் பத்திரப்படுத்த வேண்டுமாம்! பழுதுபார்க்க உதவி உண்டா என்று அப்போதுதான் கேட்டேன். இல்லையாம். பட்டியலில் வந்துவிட்டால் கூரையைத் தொடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டுமாம். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினால், உப்பு ஏறிய கூரை, மேலே பூசினால் நிற்காது, இடித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார்.

இப்போது வரைவுப் பட்டியல் வந்திருக்கிறது, எங்கள் வீடும் அதில் இருக்கிறது. மறுப்பு இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டும். இங்கே பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வந்த கணவரிடம் காட்டினேன்.

"நீதான எழுதிக் குடுத்த? நீயே முடிவு பண்ணு."

மாமியாரோ பட்டியல் வந்த ஒரே வாரத்தில் மாறிவிட்டார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் போகிறார்களே! "பெரியவரு கட்ன வூடு. இடிக்கணும்னு சொல்ல உனக்கு எப்டி வாய் வருது?"

அந்தப் பெண் சொன்னதிலும் பொய்யில்லை. மணலில் பதிந்த கிளிஞ்சலைப் பார்த்தால் எனக்கும் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் நானும் கணவரும் மகளும் இப்போது பின்பக்கம் தனியாக ஓடு போட்டுக் கட்டிய சமையலறையில்தான் படுக்கிறோம். எத்தனை நாளைக்கு?

இப்படி உப்பேறிய பழைய கான்கிரீட் வீட்டில் குழந்தையோடு இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். சுவரையும் தூணையும் விட்டுவிட்டுக் கூரையை மட்டும் மாற்ற உங்களுக்கு அனுமதி கிடைத்ததா? நான் மறுப்புக் கடிதம் கொடுத்துவிடட்டுமா, காத்திருக்கட்டுமா?