தங்கமணி அக்காவின் கண் மெஷினும் நானும்

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், தூக்கவும் துடைக்கவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். அவர்கள் பேசி முடிக்கும்வரை நம் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் வருஷக்கணக்கில் பழக வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் நான் சொல்வது புரியும்.

தேயிலைக்கு விலை இறங்கி, நான் வேலை பார்த்த ஃபேக்டரி நின்றுபோனதால் இந்த வேலைக்கு வந்தேன். ஊட்டிப் பக்கம் நடுவட்டத்தில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த தங்கமணி அக்காவுக்கு நரம்பு வியாதி. கை, கால், நாக்கு எல்லாம் போய் கண் மட்டும் மிச்சம். கோயமுத்தூரில் இருக்கும் மகன் ஒரு மெஷின் கொண்டுவந்து வைத்தான். அதன் திரையில் எந்த எழுத்தின் மேல் அக்காவின் கண் கொஞ்சம் நிற்கிறதோ அது பதிவாகும். கடைசியில் மெஷின் அதைச் சத்தமாகப் படிக்கும். அவசரத்துக்கு 'ஆமா', 'இல்லை' என்று இரண்டு கட்டங்களும் உண்டு.

முதல் நாள்

மெஷின் ஒரு கம்பியில் அக்கா முகத்துக்கு நேரே தொங்கும். அதைப் பார்த்த அதிசயத்தில் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கண்ணை மூடினேன். திறந்தால், மெஷின் மெல்ல அக்கா மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது! பாய்ந்து பிடித்தேன். மாட்டும்போது கம்பியின் ஸ்க்ரூவை நான் இறுக்கவே இல்லை. சரிசெய்ததும் அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். மெஷின் சொன்னது:

"முதல்ல ஸ்க்ரூ. அப்பறம் ஸ்தோத்திரம்."

கண்ணுக்கு லீவு

பார்க்க வந்தவர்களெல்லாம் கேள்வி கேட்டுக் கேட்டு, அக்காவின் கண் சிவந்து நீர் வடிந்தது. அதனால் கொஞ்ச நேரம் பேசினால் மெஷினை நிறுத்தி, ஈரப் பஞ்சால் கண்ணைத் துடைத்துவிடுவேன். ஒருநாள் அப்படி நிறுத்திவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் தொண்டையில் சளி அடைத்து, கூப்பிட வழியில்லாமல் அக்கா திணறிக்கொண்டிருக்கிறார். பதறிப்போய் சளியை எடுத்தேன்.

அன்றிலிருந்து, மெஷின் நின்றிருந்தால் யாராவது ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தே ஆக வேண்டும். இதை அவர் வீட்டுக்கார அண்ணனிடம் சொன்னபோது தலையைச் சொறிந்தார்.

"இவ பேச்சை எப்படா நிறுத்துவான்னு இத்தன வருசம் இருந்தனுங்க. இப்ப ஸ்விட்சு எங்கையில இருக்குது, தொடவே பயமா இருக்குதுங்க."

ஜன்னல்

கட்டில் ரோட்டு ஜன்னலுக்கு நேராக இருந்தது. மஞ்சு மூட்டம் விலகி வெயில் விழுந்தால் மெஷினுக்கு அக்காவின் கண் பிடிபடாது. எழுத்து கண்டபடி ஓடும். கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பலாமா என்று கேட்டேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஜன்னல் வலது பக்கம் வரும்படி போட்டுச் சமாளித்தோம். அக்கா சொன்ன பதில் இதுதான்:

"வெயில் பட்டா மெஷின் கெடும். பஸ் தெரியலேன்னா நான் கெடுவேன்."

ஆமா

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டுப்படியாகாமல் அவர்களுடைய தேயிலைத் தோட்டம் காடாகிக் கிடந்தது, கடையும் பூட்டியிருந்தது. "அம்மா, எல்லாத்தையும் வித்துட்டுக் கோயமுத்தூர் வந்தர்றீங்களா?" என்றான். "ஆமா" என்றது மெஷின். அவன் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டை விலைக்குக் கேட்டிருந்தவரைக் கூப்பிட போனை எடுத்தான்.

அவன் கேட்ட அதே நிமிஷம்தான் வளைவில் ஊட்டி பஸ் ஹார்ன் அடித்திருந்தது. ஹார்ன் கேட்டதும் பாலை அடுப்பில் ஏற்றிப் பழகிய அக்காவின் கண் ஜன்னல் பக்கம் போய் நின்றது. மெஷினில் 'ஆமா' கட்டமும் அதே பக்கம். குடும்ப விஷயத்தில் வேலைக்காரி வாய் திறக்கலாமா? ஒரு மூச்சில் ஜெபித்துக்கொண்டேன்.

"தம்பி, போனை வைங்க. அது அம்மா பதில் இல்லீங்க."

"ஏங்க்கா, மெஷின் பொய் சொல்லுமா?"

"கண்ணு எங்க நின்னுச்சோ அதைச் சொல்லும். எதுக்கு நின்னுச்சுன்னு அதுக்குத் தெரியாது."

ஜன்னலைச் சாத்தினேன். அக்காவைக் கொஞ்சம் கண்மூடி இருக்கவிட்டேன். பிறகு ஆமா, இல்லை கட்டங்களை எடுத்துவிட்டு எழுத்துகளை வைத்து, மறுபடி கேட்கச் சொன்னேன். ரொம்ப நேரமாயிற்று. மகன் நடுவில் "விக்க வேண்டாங்கறீங்களாம்மா?" என்று தொடங்கினான், கையமர்த்தினேன். அக்கா நெற்றி வியர்க்க முடித்தார்.

"பஸ்ஸைப் பாத்தேன்டா. எதையும் விக்காதே. கடையைத் திற. அப்பா டீ போடட்டும், திட்டறதுக்கு நான் இருக்கேன்."

அன்றிலிருந்து அக்காவிடம் பெரிய கேள்வி கேட்க வருகிறவர்களை, பஸ் நேரம் விசாரித்துவிட்டு வரும்படி நானே சொல்லிவிடுகிறேன்.