கழுவிக் கொடுத்த டின்

எங்கள் தோட்டத்தில் வேலை செய்த தம்பதியின் ஐந்து வயது மகள் ஒரு பங்குனி மாதப் பிற்பகலில் இறந்தாள். அவள் தண்ணீர் குடித்த டின்னைக் கொடுத்தவன் நான். தீமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், கொலைகாரர்களையும் கொடுங்கோலர்களையும் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. அந்த டின்னைப் பற்றி மட்டும் தெரியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாலக்காட்டில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். வேலந்தாவளத்துக்கு மேற்கே எங்களுக்குப் பருத்தியும் நிலக்கடலையும் விளையும் பூமி இருந்தது. வேலைக்கு வருபவர்கள் எங்கள் பாத்திரங்களைத் தொடக்கூடாது. தாகமெடுத்தால் கிணற்றடியில் குனிந்து இரு கைகளையும் குவித்து நிற்பார்கள். வீட்டில் யாராவது ஒருவர், சொம்பு அவர்கள் கையில் படாத உயரத்திலிருந்து ஊற்றுவார். யாரும் வராவிட்டால் காத்திருப்பார்கள். சிறுவயதில் நானும் ஊற்றியிருக்கிறேன். கல்லூரியிலிருந்து திரும்பிய பிறகு அந்தக் காட்சி என்னை உறுத்தத் தொடங்கியது.

அப்பாவிடம் வாதாடினேன்.

"படிச்சவன் சொல்றே, செரி. அதுக்காவ ஊட்டுச் சொம்பத் தூக்கிக் குடுக்கச் சொல்றயா? உங்கம்மா அப்பறம் அடுப்பே பத்த வெக்க மாட்டா" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து, "என்னைய எதுக்கு இழுக்கறீங்க? உங்க அக்காமாருக ஒருத்தியும் வாசப்படி மிதிக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் விளைவுகளை எடைபோட்டேன். சண்டையை வளர்த்தால், பருத்தி எடுக்கும் பருவம் என்றும் பாராமல் அப்பா அந்தத் தம்பதியை வேலையிலிருந்து நிறுத்திவிடக்கூடும். எனவே இரு தரப்புக்கும் நோகாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன்: அவர்களுக்கென்று தனியாக ஒரு பாத்திரம். பருத்திக்கு அடித்த பூச்சிமருந்தின் காலி டின் மோட்டார் ரூமில் கிடந்தது. கனமான தகரம், திருகுமூடி. சாம்பலும் புளியும் போட்டு நானே மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். வாடை போய்விட்டது. காலியான டின்னை வேறெதற்கும் பயன்படுத்தாமல் நசுக்கிப் புதைக்கவேண்டும் என்று அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்தேன். கம்பெனிக்காரர்கள் தங்களைக் காத்துக்கொள்ள எழுதும் வாசகம் என்று எண்ணி, தாளைச் சுரண்டி எறிந்தேன்.

"ஏனுங்க சின்னப் பண்ணாடி, இது எங்களுக்கேங்களா?" என்று அந்தச் சிறுமியின் தாய் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனி இவ பருத்தி எடுத்த மாதிரிதானுங்க. நாளெல்லாம் தண்ணி குடிச்சுட்டே நிப்பா" என்றார் அவள் கணவர்.

மூவரும் சிரித்தோம். பட்டம் வாங்கிய நாளில்கூட எனக்கு அத்தனை நிறைவு இருந்ததில்லை.

நான்கைந்து நாட்கள் பெரியவர்கள் இருவரும் அதில் குடித்தார்கள். தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார்கள். வெயில்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு ஒருநாள், முந்தின மாலையே டின்னில் நிரப்பி வைத்த தண்ணீர் மறுநாள் உச்சிவெயில்வரை பருத்திக்காட்டிலேயே கிடந்தது. சிறுமி அதை எடுத்துக் குடித்தாள். சற்று நேரத்தில் வரப்பில் விழுந்தாள். வாயில் நுரை தள்ளியது, கைகால்கள் வெட்டி இழுத்தன.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர் அப்பாதான். அந்தப் பிள்ளையை அதற்குமுன் அவர் தொட்டதில்லை. வண்டியில் மடியில் கிடத்திக்கொண்டு தம் துண்டால் அவள் வாயைத் துடைத்தார். "கண்ணு, கண்ணத் தொற சாமி" என்று அவளிடமும், "முடுக்குடா, இன்னும் முடுக்குடா" என்று என்னிடமும் மாறிமாறிக் கத்தினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வாயை முகர்ந்துவிட்டு, பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது என்றார். அவர் ஊசியைக் கையிலெடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரில் பலர் பல காரணங்கள் சொன்னார்கள். மாரியாத்தாளுக்குச் செய்த குறை, தலையெழுத்து, போன பிறவியின் பாவம். கடவுளை நம்பாத எனக்கு அந்தக் கதவுகள் எதுவும் திறக்கவில்லை. கெட்ட எண்ணம் கொண்ட ஒருவரையாவது தேடிப்பார்த்தேன். அப்பாவிடம் அது இல்லை. அவர் அழுததை நான் பார்த்தேன். அம்மாவிடமும் இல்லை. என்னிடம் இருந்தது நல்லெண்ணம் மட்டுமே. ஆனாலும் எங்கள் பரண்மேல் யாரும் எடுக்காத பித்தளைச் சொம்புகள் வரிசையாகக் கவிழ்ந்துகிடந்தன. வாரச் சந்தையில் மண்குடங்கள் குவிந்துகிடந்தன. ஒரு குடம் வாங்கிக் கொடுக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்களுக்கு வேண்டாதது அவர்களுக்குப் போதும் என்ற நினைப்பு, என் படிப்புக்கும் கொள்கைக்கும் அடியில், நான் அறியாமலே உட்கார்ந்திருந்தது. தீமைக்கு வெறுப்பு தேவையில்லை. இன்னார்க்கு இது போதும் என்று ஒருவன் யோசிக்காமலே முடிவு செய்தால் போதும். இதைக் கண்டுகொண்டதால் எனக்கு எந்த விடுதலையும் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கணவனும் மனைவியும் களத்துக்கு வந்தார்கள். நான் தனியாக இருந்தேன்.

"எங்களால உங்களுக்குத்தானுங்க கெட்ட பேரு. மருந்து டின்னுன்னு தெரிஞ்சும் இவ செரியாக் கழுவாம உட்டுப்போட்டாளுங்க. எதையுமே அரகொறையாத்தான் செய்வா" என்றார் அவர்.

அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். "கழுவுனேனுங்க" என்றாள். பிறகு, "இன்னொருக்காக் கழுவியிருக்கோணுமுங்க" என்றாள்.

எத்தனை முறை கழுவினாலும் அந்த நஞ்சு தகரத்தின் மடிப்பிலிருந்து போயிருக்காது என்பதை அதற்குள் டாக்டரிடம் கேட்டு நான் அறிந்திருந்தேன். சுரண்டி எறிந்த தாள் இன்னது சொன்னது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். மறுபடியும் விளைவுகளை எடைபோட்டேன். போலீஸ் வரும், அப்பாவை இழுப்பார்கள், எனக்கு வரவிருந்த வேலை போகும், இவர்களுக்கும் இங்கே பிழைப்பு இருக்காது. எல்லாவற்றையும் தட்டில் வைத்தேன். அவள் வாழ்நாள் முழுவதும் அந்த டின்னைக் கழுவிக்கொண்டே இருக்கப்போகிறாள் என்பதை மட்டும் வைக்கவில்லை.

"மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

நான் மன்னித்துவிட்டதாக நினைத்து, அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.